முனியாண்டி கையிலிருந்த ஸ்காட்லாந்துக் கத்தி

கேரள எல்லைக்குள் இருக்கிற இந்தத் தேயிலை மலையில் நான் உண்டாக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜீப் ஏறாது என்று எல்லாரும் கைவிட்ட சரிவில் ஒரு கொல்லுப் பட்டறை. அந்தப் பட்டறைக்கு மின்சாரம் தர வழியில்லை என்று எழுதிக் கொடுத்த ஆபீசையே மூன்று கம்பம் நடவைத்து இழுத்த கரண்ட். பொள்ளாச்சியில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்து, நான் வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றி, தலைச்சுமையாகவே மேலே ஏற்றிப் பூட்டிய, இரும்படிக்கிற பவர் ஹேமர். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்ட நான் வளைத்துக் கொடுத்த கத்தி; இன்றைக்கு இந்தப் பக்கத்து எஸ்டேட்களில் பாதிப் பேர் இடுப்பில் இருப்பது அந்த வளைவுதான். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் எஸ்டேட்டின் மேல் டிவிஷன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. அங்கே இப்போது நிற்கிற இரும்பு நடைபாலம். இரண்டு மகள்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. அப்பா பேக்டரியில் சுமை தூக்கினார், அம்மா கொழுந்து பறித்தார்.

இந்த வரிசையில் இன்னும் ஒன்று இருக்கிறது. பழைய துரை பங்களாவின் முன் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட் துணிமேல் ஒரு கத்தி படுத்திருக்கிறது. ஸ்காட்லாந்துக் கத்தி. டர்க் என்பது அதன் பெயர். எங்கிருந்தோ வருகிற விருந்தாளிகள் எல்லாம் அதன்முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டிக்குக் கீழே ஒரு அட்டை இருக்கிறது. அந்த அட்டையில் நான் இல்லை. இருந்தாக வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழையைச் சின்ன மகள் பார்த்தாள். சொல் எல்லாம் என்னுடையது.

அந்தக் கத்தி எங்கள் மேல் டிவிஷன் முனியாண்டியின் கத்தியாகத்தான் எனக்குத் தெரியும். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு மேலே, காடு தொடங்குகிற இடத்தில், கல்லாக நிற்கிற சாமி. அவர் முன்னால் இரண்டு அரிவாள், ஒரு வேல், அதோடு முழங்கை நீளத்தில் இந்தக் கத்தி. கத்தியின் பிடித்தலையில் தேன் நிறத்தில் ஒரு கல் உண்டு. அதைச் சாமியின் மூன்றாவது கண் என்று சொல்லி, சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார்கள். ஒவ்வொரு மாசித் திருவிழாவிலும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தார்கள். நுனியில் எலுமிச்சம்பழம் குத்தினார்கள். பழம் காய்ந்தால் இன்னொன்று. எத்தனை வருடத்துப் பழம்! புளிப்பு தின்று தின்று நுனி அப்பளம் மாதிரி மெலிந்துவிட்டது.

அந்தக் கத்திக்கு ஒரு வேலையும் இருந்தது. சத்தியம். லயத்தில் கோழி காணாமல் போனாலும், ஒருத்தன் பெண்டாட்டியை இனி அடிக்கமாட்டேன் என்று சொன்னாலும், வரப்பு வாழைக்குச் சண்டை வந்தாலும், "கத்தியத் தொட்டுச் சொல்லு" என்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் பொய் சொன்னவன் கூட அங்கே சொன்னதில்லை. கையை நீட்டுவதற்கு முன் வார்த்தையைப் பொறுக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். எங்கள் பூசாரி ஒருமுறை பிராந்தியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தான். ரம்மைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பூசாரி என் தங்கை புருஷன். அவனுடைய அப்பா, தாத்தா எல்லாரும் அதே கோயிலில் பூசாரிகள். எனக்கும் அவனுக்கும் வயதில் ஆறு மாதம்தான் வித்தியாசம் என்பதால் சின்ன வயதிலிருந்தே அடிதடி, கேலி எல்லாம் உண்டு. சென்ற திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு காலையில், சிவப்புத் துணியில் சுற்றிய கத்தியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

"மச்சான், சாமி கத்தி பிடி ஆடுது. ஒரு ஆணிய அடிச்சுக் குடு."

"ஆணி அடிக்க இது என்ன வீட்டுக் கதவாடா மாப்ள? வச்சிட்டுப் போ."

"வச்சிட்டுப் போறதா? சாமிய வச்சிட்டு நான் எங்க போறது? முன்னாலயே அடி."

"அப்ப ஒக்காரு. ஒம்மேல ரம் நாறுது, உலைக்குப் பக்கத்துல வராத. பத்திக்கிடும்."

பிடியைத் தட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அதன்மேல் இருக்கிற குங்குமத்தை எடுக்க வேண்டும். அது குங்குமமாகவா இருந்தது? எண்ணெயும் சந்தனமும் சேர்ந்து பட்டையாக இறுகி, மரப்பிசின் மாதிரி ஆகிவிட்டிருந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே வந்தேன். உள்ளேயிருந்து கறுப்பு மரம் வந்தது. மரத்தில் கூடை முடைந்தது போலப் பின்னல் செதுக்கு. ஒரு இழை மேலே, ஒரு இழை கீழே, எங்கும் முடிச்சு அவிழாமல் சுற்றி வருகிறது. இழைகள் தாண்டுகிற இடங்களில் எல்லாம் கடுகு அளவில் பித்தளை ஆணி. என் கை நின்றுவிட்டது.

பதின்மூன்று வயதில் கோவிந்தாபுரத்துக்கு இறங்கிப் போய், ஒரு பட்டறையில் துருத்தி ஊத ஆரம்பித்தவன் நான். கள் சீவுகிற பாளை அரிவாளிலிருந்து மாட்டுவண்டி அச்சு வரைக்கும் செய்தேன். திரும்பி மலை ஏறும்போது தொழிலோடு ஒரு பெண்டாட்டியையும் மீனாட்சிபுரத்திலிருந்து கூட்டிவந்தேன். ஐம்பது வருடத்துக்கு மேலாக இரும்பைப் பார்க்கிற கண் இது. கத்தியின் முதுகைப் பார்த்தேன். முதுகு தடித்து, அதில் அரத்தால் வெட்டிய சிறு சிறு பற்கள் அலங்காரமாக வரிசை போட்டிருந்தன. பக்கத்தில் ஒரு பள்ளம் நீளமாக ஓடியது. அந்தப் பள்ளம் கத்தியின் நடுவில் ஓடவில்லை. ஒருபக்கமாகச் சாய்ந்து, நுனிக்கு முன்பே விளிம்பில் போய் அறுபட்டது. கத்தியாகவே பிறந்த இரும்பில் யாரும் அப்படிப் பள்ளம் போடமாட்டார்கள். இது பெரிய வாளாக இருந்து, ஒடிந்து, பிறகு கத்தி ஆனது.

"மாப்ள," என்றேன், "பள்ளம் கோணலா ஓடுது பாரு, இது ஒடிஞ்ச வாளு. நம்ம ஊர்ச் சாமானே இல்ல."

"சாமியே நம்ம ஊர் இல்லங்கியா?"

"சாமி நம்ம ஊருதான். கத்தி வெளிநாடு."

"போடா. எங்க தாத்தா காலத்துக் கத்தி."

"ஒங்க தாத்தாவுக்கு யாரு குடுத்தா?"

"தொர குடுத்தாராம். சாமிக்கு நேந்துக்கிட்டாராம்." அவன் அதை ஏதோ மழை பெய்தது என்பது மாதிரிச் சொன்னான்.

இங்கே ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். ஆர்வத்தில் கத்தியின் முதுகுத் துருவை எடுக்கலாம் என்று கிரைண்டரில் தொட்டேன். இரண்டு விரல் அகலத்துக்கு அந்தப் பல் வரிசை மழுங்கிவிட்டது. சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, சாமி கத்தியக் கொண்டுபோயி மிசின்ல வெச்சுப்போட்டீங்களே, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா?"

"துரு எடுத்தேன்."

"துருவ எடுத்தீங்களோ, கத்திய எடுத்தீங்களோ. கையில தேய்ச்சா ஆகாதுங்களா? அவசரம்னா அவசரம், அப்புடி ஒரு அவசரம்."

அவள் சொன்னதுதான் சரி. அதன்பிறகு மிஷின் பக்கமே கொண்டுபோகவில்லை. எண்ணெயும் சாம்பலும் போட்டு, கந்தல் துணியால், ஒன்பது நாள் கையாலேயே துடைத்தேன். ஆடிய பிடியை ஆணி இல்லாமல் அரக்கு வைத்து இறுக்கினேன். கோயில் பெட்டியில் எலி தின்ன மிச்சமாகக் கிடந்த தோல் உறையை வாங்கி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, நிமிர்த்தி, உள்ளே சில்வர் ஓக் மரத்தில் மெல்லிய பலகை வைத்து உருவம் கொடுத்தேன். அந்த உறையின் வெளிப்பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சின்னப் பைகள் இருந்தன. பூசாரி ஒன்றில் விபூதியும் ஒன்றில் கற்பூரமும் வைத்திருந்தான். சாமிக்கு அதற்காகத்தான் பை தைத்திருக்கிறது என்று மூன்று தலைமுறையாக நம்பிக்கை.

அந்த நேரத்தில்தான் பங்களா மேனேஜர் பட்டறைக்கு வந்தார். பழைய துரை பங்களாவை இப்போது தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். முன் அறையில் பழைய சாமான்களை வைத்து ஒரு காட்சிக்கூடம் அமைக்கிறார்கள். மேனேஜர் பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி, நல்ல மனுஷன், தமிழும் பேசுவார். கையில் ஒரு போட்டோவின் நகல் வைத்திருந்தார்.

"சேட்டா, இவிடெ பண்டு இருந்த துரையோட பேத்தி ஸ்காட்லாந்திலேர்ந்து வருது அடுத்த ஆழ்ச்ச. இந்தக் கத்தி எங்கயாச்சும் கண்டிட்டுண்டோன்னு சோதிச்சு எழுதியிருக்கு."

அவர் பேச்சில் ஆழ்ச்ச என்றால் வாரம், சோதிப்பது என்றால் கேட்பது. போட்டோவில் துரை மீசையோடு நிமிர்ந்து நிற்கிறார். மேலே கோட்டு. கீழே கட்டம் போட்ட துணி, முழங்கால் வரைக்கும்.

சாமிக்குக் காவலாகத் தினமும் பட்டறையில் வந்து உட்காருகிற பூசாரி எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், தொர பாவாடையக் கட்டிட்டு நிக்காரு?"

"அது அவங்க ஊரு வேட்டிடா. நீ கோயில்ல கட்டியிருக்கிறதும் முட்டுக்கு மேலதான் நிக்குது."

நான் பாவாடையைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தேன். இடுப்பில் தொங்குகிற உறை, அதிலிருந்து எட்டிப் பார்க்கிற கறுப்புப் பிடி, பிடித்தலையில் கல். சின்னதாகத்தான் தெரிந்தது; ஆனால் அந்தப் பின்னலை ஒன்பது நாள் விரலால் தடவியவன் நான். உள்ளே போய்க் கத்தியைக் கொண்டுவந்து போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் வாயைத் திறந்தவர் மூட நேரமானது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: கத்தியை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. தேடி வந்தவர்கள் முன்னால் நான் எடுத்துவைத்தேன்.

அந்த அம்மா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. என் வயதுதான் இருக்கும். வெயிலில் சிவந்த முகம், பெரிய பூட்ஸ். கொச்சியிலிருந்து பழம்பொருள் நிபுணர் ஒருவரையும் விடுதிக்காரர்கள் வரவழைத்திருந்தார்கள். பங்களா வராந்தாவில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கத்தியை வைத்தோம். பூசாரி குளித்து, விபூதி பூசி, சாமியோடு கூட வந்தவனாக மேசைக்குப் பக்கத்திலேயே நின்றான்.

நிபுணர் கையுறை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் தமிழிலேயே சொன்னார், நாங்களும் கேட்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

"இது ஒரிஜினல் இல்லை. எழுத்து இல்லை, முத்திரை இல்லை. பிளேடே ஒரு உடைஞ்ச வாள் துண்டு. துரையோட கத்திய பார்த்து யாரோ லோக்கல் கொல்லன் செஞ்ச காப்பி."

எனக்கு எரிந்தது பாருங்கள், உலை மாதிரி.

"சார், இந்த மலையில லோக்கல் கொல்லன்னா அது நான்தான். நான் செய்யல. எனக்கு முன்னால இங்க பட்டறையே கிடையாது."

"கீழே இருந்து செஞ்சு கொண்டுவந்திருக்கலாமே?"

"வரலாம். அப்ப இந்த மரம் என்ன மரம்னு சொல்லுங்க."

அவர் கருங்காலி என்றார்.

"கருங்காலியில நான் பிடி போட்டிருக்கேன் சார். ஈட்டி மரத்துல போட்டிருக்கேன், வேங்கையில போட்டிருக்கேன், புளியமரத்துல போட்டிருக்கேன். ஊசியால சொரண்டினா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசம், ஒரு தூள். கருங்காலி இவ்வளவு லேசா இருக்காது. இது நம்ம காட்டு மரமே இல்ல. எழுத்து எங்கன்னு கேக்கீங்க. நாங்க வருஷா வருஷம் செங்கப்பொடி போட்டுத் தேச்சா எழுத்து நிக்குமா? எங்க பேர எழுதிவச்சாலும் நிக்காது."

மேனேஜர் அதை அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு நிபுணரை யார் பார்த்தார்கள்?

அவர் சொன்னதை மேனேஜர் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். அந்த மரம் ஓக். சதுப்பு நிலத்துச் சேற்றில் ஆயிரக்கணக்கான வருடம் புதைந்து கிடந்து கறுத்த ஓக். அதைத் தோண்டி எடுத்துத்தான் அங்கே கத்திக்குப் பிடி செதுக்குவார்களாம். வாள் துண்டு என்று நிபுணர் குறை சொன்னாரே, அந்த அம்மா அதற்குச் சிரித்தார். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஜனம் பெரிய பணக்காரர்கள் இல்லை. வாள் ஒடிந்தால் எறியமாட்டார்கள். மிச்சத்தை வெட்டி டர்க் ஆக்கிக்கொள்வார்கள். நல்ல வாள் இரும்புக்கு மறுபிறப்பு. பள்ளம் கோணலாக ஓடுவதுதான் உண்மையான கத்தி என்பதற்கு அடையாளம் என்று அவர் சொன்னபோது நான் பூசாரியைப் பார்த்தேன். இரண்டு வாரம் முன்பு பட்டறையில் இதையேதான் நான் சொன்னேன்.

இன்னும் சொன்னார். சண்டையில் இடது கையில் கேடயத்தோடு சேர்த்து இதைப் பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் உட்கார்ந்தால் இதே கத்தியால் இறைச்சி அறுப்பார்கள். பிறகு அந்த மலைக்காரர்கள் ராஜாவை எதிர்த்து எழுந்து தோற்றுப்போனார்கள். அவர்கள் ஆயுதத்தையும் கட்டம் போட்ட உடுப்பையும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அனுமதி. தடை போன பின்னால், வருடங்கள் கழித்து, அதே கத்தி வெள்ளியும் கல்லும் பதித்துத் திரும்பி வந்தது. சண்டைக்கு அல்ல, கல்யாணத்துக்கும் விருந்துக்கும். போட்டோவில் துரையின் காலுறையில் இன்னொரு சின்னக் கறுப்புப் பிடி தெரிகிறதே, அது வேறு கத்தி. சிநேகிதன் வீட்டுக்குப் போனால் கக்கத்தில் ஒளித்துவைத்த சிறு கத்தியை எடுத்து, வீட்டுக்காரன் கண்ணில் படும்படி காலுறையில் செருகிக்கொள்வார்களாம். என்னிடம் இருப்பது இதுதான், மறைக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

அப்புறம் அவர் போட்டோவில் உறையைத் தொட்டுக் காட்டினார். அந்த இரண்டு சின்னப் பைகள். அவற்றில் ஒரு சிறு கத்தியும் ஒரு முள்கரண்டியும் இருக்க வேண்டும், சாப்பிடுவதற்கு. கரண்டிக்கு இரண்டே முள். இவை காணாமல் போனது வருத்தம் என்றார்.

இரண்டு முள் என்று கேட்டதும் எனக்கு எங்கள் கோயில் சூலம் ஞாபகம் வந்தது. முனியாண்டி காலடியில் ஒரு சாண் நீளத்தில் ஒரு சூலம் உண்டு. இரண்டு முனைதான் இருக்கும். நடு முனை ஏதோ காலத்தில் ஒடிந்துவிட்டது, ஆகையால் கும்பிடும்போது அதைச் சேர்த்து மூன்றாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மாப்ள, ஓடு. சாமி காலடியில கெடக்கிற சூலத்த எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"எடுத்துட்டு வாடா, சொல்றேன்."

அவன் போய் வர அரைமணி நேரம். குங்குமத்தோடு கொண்டுவந்தான். நான் வேட்டி முனையால் துடைத்தேன். கறுப்புப் பிடி. அதே பின்னல். தலையில் அதே தேன் கல், பட்டாணி அளவில். உறையின் மேல்பையில் விட்டேன். ஒரு சின்னச் சத்தத்தோடு போய் உட்கார்ந்தது. நிபுணர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

பூசாரிதான் முதலில் பேசினான். "அப்ப சாமி சூலத்த வச்சா தொர கறி தின்னாரு?"

"முனியாண்டி என்ன சைவமாடா? வருஷம் ரெண்டு கெடா வாங்கிக்கிறாரு."

மேனேஜர் சிரித்துக்கொண்டே இதையும் மொழிபெயர்த்தார். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, இன்னொன்று சொன்னார். மேனேஜரின் முகம் மாறியது. சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தார்.

"அவங்க வீட்டுல, இந்தக் கத்தி இவிடெ வேலக்காரங்க மோஷ்டிச்சதுன்னு கதை உண்டாம். இப்ப கிடைச்சது சந்தோஷம், திரும்பக் கொண்டுபோகலாமான்னு சோதிக்குது."

மோஷ்டிச்சது என்றால் திருடியது. பூசாரிக்கு அந்தச் சொல் தெரியும். "எங்க தாத்தன் திருடனா?"

எனக்கும் ரத்தம் ஏறியது. ஆனால் சண்டை போட்டால் கத்தி போய்விடும், பேரும் போய்விடும். நான்தான் சொன்னேன், இதை அங்கிருந்த எல்லாரும் கேட்டார்கள்: "எதுக்கு வாதம்? மேனேஜர் சார், அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. எங்க ஊர்ல இந்தக் கத்தியத் தொட்டு யாரும் பொய் சொன்னதில்ல. இவன் தொட்டுச் சொல்லட்டும். அப்புறம் அவங்க என்ன சொன்னாலும் சரி."

பூசாரி செருப்பைக் கழற்றினான். வலது கையைக் கத்தியின்மேல் வைத்தான். அவன் குரல் அப்படித் தெளிவாக வந்து நான் கேட்டதில்லை.

"எங்க தாத்தா எங்கப்பாகிட்டச் சொன்னாரு, எங்கப்பா எங்கிட்டச் சொன்னாரு. தொர ஊருக்குப் போறதுக்கு மொத நாளு, வெறுங்காலோட மேல ஏறி வந்து, தன் கையால இத சாமி முன்னால வச்சிட்டுப் போனாரு. நாங்க எடுக்கல. எனக்குச் சொன்னத நான் சொல்றேன். ஒண்ணும் கூட்டல, ஒண்ணும் கொறைக்கல."

மேனேஜர் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள்ளேயே அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். அவர் சொன்னதை மேனேஜர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அவர்கள் மலைநாட்டிலும் இதுதான் வழக்கமாம். பெரிய சத்தியம் என்றால் டர்க்கின்மேல்தான் செய்வார்கள். இரும்பை முத்தமிட்டுச் சொல்வார்கள். தோற்ற பிறகு, இனி ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று அவர்களிடம் ராஜா வாங்கிய சத்தியமும் அந்தப் புனித இரும்பின் பேரிலேயே. டர்க்கைத் தொட்டுச் சொன்ன மனிதனை நம்பாமல் போவது அங்கே பெரிய அவமரியாதை. தன் தாத்தா இதை ஏன் இங்கே வைத்தார் என்று இப்போது புரிகிறது, இவர்களும் சாமி இரும்பைத் தொட்டுச் சத்தியம் செய்வதை அவர் பார்த்திருப்பார் என்றார். பிறகு குனிந்து கத்தியை முத்தமிட்டு, தங்கள் வீட்டுக் கதை தப்பு என்றார்.

அவர்கள் ஊரில் அது உடுப்போடு சேர்ந்த நகையாகிவிட்டது. எங்கள் மேல் டிவிஷனில் அது ஒருநாள் கூட வேலையை நிறுத்தவில்லை. இது என் யோசனை. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கத்தி இந்த மலையைவிட்டுப் போகாது என்று அன்றே முடிவானது. மழையும் துருவும் தின்றுவிடாமல், சாதாரண நாளில் பங்களாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். திருவிழாவின் மூன்று நாளும் முனியாண்டியிடம் வந்துவிடும். கோயில் கமிட்டி அதற்கும் ஒரு நிபந்தனை போட்டது. திருவிழாவுக்குக் கத்தியை எடுத்துத் தருவேன் என்று மேனேஜரும் அதைத் தொட்டுச் சொல்ல வேண்டும்.

"அய்யோ, என்னெ விட்டுடுங்க. கம்பெனி ட்ரான்ஸ்ஃபர் பண்ணா நான் எந்து செய்யும்?"

"அதையும் சேத்துச் சொல்லுங்க சார்," என்றான் பூசாரி. "'நான் இங்க இருக்கிற வரைக்கும்'னு சொல்லுங்க. எங்களுக்கு அது பழக்கம்தான்."

அப்படியே சொன்னார்.

அந்த அம்மா இன்னும் நாலு நாள் இருந்தார். உறையில் ஒரு பை காலியாக இருந்தது. காணாமல் போன சிறு கத்தியை நான் செய்கிறேன் என்றேன். என் கவாத்துக் கத்தி ஒன்றையே உலையில் போட்டேன். வெட்டி வெட்டித் தேய்ந்த நல்ல இரும்பு. தட்டி நீட்டி, சூட்டோடு தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் கொடுத்து, கையாலேயே அரம் போட்டேன். பிடிக்குக் கறுத்த ஓக் எங்கே போவது? ஈட்டி மரத்தில் போட்டேன். எது பழசு, எது என் வேலை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஏமாற்றுவது நமக்குப் பழக்கமில்லை. அந்தப் பின்னல் இருக்கிறதே, இரண்டு நாள் என்னை அழவைத்தது. எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. கடைசியில் என் மனைவி தோள்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இது வாசல்ல போடற சிக்குக் கோலமுங்க. புள்ளி வெச்சுப் பாருங்க" என்றாள். புள்ளி வைத்தேன். வந்துவிட்டது. பித்தளை ஆணிகள் புள்ளிகள்தானே!

அந்த அம்மா பட்டறைக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, கடைசி நாள் வேலை முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் நானே கீழ்ப்பையில் செருகிக் காட்டினேன். கரண்டி, கத்தி, பெரிய கத்தி, மூன்றும் சேர்ந்து உட்கார்ந்தன. துரை போட்டோவில் இருந்தபடி. அவர் என் கரிக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுக்கினார். ஜீப்பைக் கீழே நிறுத்திவிட்டு ஏறி வந்திருந்த டிரைவர்கள்கூடக் கை தட்டினார்கள். திருவிழாவன்று பங்களாவிலிருந்து மேளத்தோடு கத்தி மேலே ஏறியது. முன்னால் பூசாரி, அவன் பக்கத்தில் நான், பின்னால் அந்த அம்மா வெறுங்காலோடு. இந்தத் தடவை நுனியில் எலுமிச்சம்பழம் குத்த நான் விடவில்லை. பழத்தை வேலில் குத்துங்கள், கத்திக்குப் பூப் போதும் என்றேன். கமிட்டி கேட்டது.

அவர் ஊர் திரும்பிய பிறகு கண்ணாடிப் பெட்டி திறப்பு விழா நடந்தது. எனக்குச் சால்வை போட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை. விழா முடிந்து கூட்டம் டீ குடிக்கப் போனபோது சின்ன மகள் அட்டையைப் படித்துச் சொன்னாள். ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தது. துரையின் பெயர் இருந்தது. ஸ்காட்லாந்து இருந்தது. கொச்சி நிபுணருடைய ஆலோசனை என்று இருந்தது. கடைசியில், 'உள்ளூர்த் தொழிலாளர் உதவியுடன் பராமரிக்கப்பட்டது' என்று இருந்தது.

மேனேஜரிடம் கேட்டேன். கம்பெனி ஹெட் ஆபீசில் அச்சடித்து அனுப்பியது என்றார். "சேட்டா, எல்லார்க்கும் தெரியுமல்லோ, நீங்க செஞ்சதுன்னு."

"எல்லாருக்கும் தெரிஞ்சத எழுதுறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றேன். ஆபீசுக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். பதில் இல்லை. ஆகையால்தான் நானே எழுதுகிறேன்.

நான் உதவி செய்யவில்லை. நான் இல்லாவிட்டால் அந்தப் பிடியில் பூசாரி சொன்னபடி யாரோ ஒரு ஆணி அடித்திருப்பார்கள், நிபுணர் போலி என்று எழுதிக் கொடுத்திருப்பார், கரண்டி இன்னும் சூலமாக இருந்திருக்கும், எங்கள் மூதாதைகள் ஒரு வெளிநாட்டு வீட்டுக் கதையில் இன்னும் திருடர்களாக இருந்திருப்பார்கள். விடுதி ஆபீஸ்காரர்களே, அட்டையை மாற்றுங்கள். ஆங்கிலம் இருக்கட்டும், மலையாளம் இருக்கட்டும், முதலில் தமிழில் இருக்க வேண்டும், ஏனென்றால் இதைக் காப்பாற்றியவர்கள் தமிழில்தான் சத்தியம் செய்தார்கள். டர்க்கை இன்னதென்று கண்டவர், கையால் துடைத்துச் சீராக்கியவர், சிறு கத்தியைப் புதிதாகச் செய்தவர், மேல் டிவிஷன் பட்டறைக்காரர் என்று போட்டு, அதற்கு நேரே என் முழுப் பெயரை, அப்பாவின் முதலெழுத்தோடு, துரையின் பெயருக்கு என்ன அளவு எழுத்தோ அதே அளவில் எழுத வேண்டும். வருகிற மாசிக்குக் கத்தியை எடுக்கப் பெட்டியைத் திறப்பீர்கள். அன்றைக்குள் அது நடக்க வேண்டும்.